ஸ்கேனில் தெரியாத வலியும் அதைத் தேடிப் போனவர்களும்

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு ஆரம்பிக்கிறேன். கோத்தகிரிப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் பல வருடம் கொழுந்து பறித்தவர் உங்கள் அம்மா. மழை நாளில் சரிவில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டு எலும்பு முறிந்தது. மாவுக்கட்டு போட்டு, எலும்பு கூடி, இரண்டு வருடம் ஆகிவிட்டது. இன்னும் கை எரிகிறது, ஸ்வெட்டர் பட்டாலே சுரீரென்று இழுக்கிறது, மார்கழிக் குளிரில் தாங்க முடியவில்லை. எக்ஸ்ரே, ஸ்கேன் எல்லாம் நன்றாக இருப்பதால் "எல்லாம் மனசுதான்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். இதையெல்லாம் பக்கத்தில் இருந்து பார்த்த தங்கை பிளஸ் டூ படிக்கிறாள். வலியைப் பற்றித்தான் ஆராய்ச்சி செய்யப் போகிறேன் என்கிறாள். அப்படி ஒரு வேலை உண்டா, அதில் இருப்பவர்கள் இதுவரை என்ன கண்டுபிடித்தார்கள், அதனால் அம்மாவுக்கு ஏதாவது பயன் உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள்.

அம்மாவின் வலி உண்மையான வலி. ஸ்கேனில் தெரியவில்லை என்றால் அது ஸ்கேனுக்கு எட்டாத இடத்தில் இருக்கிறது, அவ்வளவுதான். தங்கை சொல்லும் வேலையும் இருக்கிறது. கடந்த அறுபது வருடங்களில் அந்த வேலையைச் செய்தவர்கள் கண்டுபிடித்தவற்றில் பெரும்பங்கு, உங்கள் அம்மாவின் கையில் நடப்பது போன்ற விஷயத்தைப் பற்றியதுதான். நான் குன்னூரில் வளர்ந்தவன்; இப்போது தண்டுவடத்தின் வலி நரம்புகளை ஆராயும் ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

காயம் ஆறிய பிறகும் தங்கிவிடும் இந்த எரிச்சல் வலி மருத்துவத்துக்குப் புதிதல்ல. 1860களில் அமெரிக்க உள்நாட்டுப் போரில் காயம்பட்ட வீரர்களைக் கவனித்த சைலஸ் வெயர் மிட்செல் என்ற மருத்துவர் இதை விரிவாக எழுதி வைத்திருக்கிறார். நரம்பில் குண்டு பாய்ந்து, புண் ஆறிப்போன பிறகும், கை தீயாய் எரிகிறது என்றார்கள் அந்த வீரர்கள். சிலர் எந்நேரமும் ஈரத் துணியைச் சுற்றிக்கொண்டே இருந்தார்கள். பக்கத்தில் ஒருவர் செய்தித்தாளைச் சரசரவென்று புரட்டினால்கூட சிலருக்கு வலி கூடியது. மிட்செல் அவர்களை நம்பினார். ஆனால் ஏன் என்று சொல்ல அவரிடம் கருவி இல்லை.

அந்த "ஏன்" தெரிய வேண்டும் என்றால் வலி எந்த வழியாகப் போகிறது என்று முதலில் பார்க்க வேண்டும். தோட்டத்தில் நடக்கும்போது வேர் தடுக்கிக் கால் விரல் இடித்துக்கொண்டால், முதலில் 'சுள்' என்று ஒரு வலி; ஒரு நொடி கழித்து மெதுவாக ஒரு எரிச்சல் பரவும். இரண்டும் வெவ்வேறு நரம்பிழைகள். முதலாவது மெல்லிய உறை போர்த்திய இழை, நொடிக்கு 5 முதல் 30 மீட்டர் வேகத்தில் செய்தி அனுப்பும். இரண்டாவது உறையே இல்லாத சி-இழை, நொடிக்கு 0.5 முதல் 2 மீட்டர்தான், நாம் நடக்கும் வேகம். வலிக்கென்றே தனி நரம்பிழைகள் தோலில் இருக்கின்றன என்பதை 1960களின் கடைசியில் எட்வர்ட் பெர்ல் என்ற அமெரிக்கர் பூனைகளின் நரம்பிழைகளை ஒவ்வொன்றாகப் பதிவுசெய்து நிரூபித்தார்.

அதற்குக் கொஞ்சம் முன்னால், 1965-ல், ரொனால்ட் மெல்சாக், பேட்ரிக் வால் என்ற இருவர் ஒரு கருத்தை வெளியிட்டிருந்தார்கள். மெல்சாக் கனடாக்காரர், உளவியல் படித்தவர். வால் ஆங்கிலேயர், மருத்துவம் படித்தவர். தோலிலிருந்து வரும் வலிச் செய்தி அப்படியே மூளைக்குப் போய்விடுவதில்லை, தண்டுவடத்தில் ஒரு வாயிற்கதவு இருக்கிறது, தொடு உணர்வும் மூளையிலிருந்து இறங்கி வரும் கட்டளையும் அதைத் திறக்கவோ மூடவோ செய்கின்றன என்றார்கள். அடிபட்ட இடத்தை நாம் உடனே தேய்த்துவிடுகிறோமே, அது வேலை செய்வதற்கு இது ஒரு விளக்கம். பிசியோதெரபியில் தோல் மேல் பட்டை ஒட்டி லேசான மின்சாரம் கொடுக்கும் 'டென்ஸ்' கருவியும் இந்த யோசனையிலிருந்து பிறந்ததுதான். அவர்கள் வரைந்த நரம்புச் சுற்றின் சில பகுதிகள் தவறு என்று பிறகு தெரிந்தது. ஆனால் தண்டுவடம் செய்தியைச் சும்மா கடத்தும் கம்பி அல்ல, அது முடிவெடுக்கும் இடம் என்ற அடிப்படை நிலைத்துவிட்டது.

சரி, இப்போது உங்கள் அம்மாவின் கைக்கு வருகிறேன். எனக்கு இந்தத் துறையிலேயே மிகப் பிடித்த ஆய்வு இதுதான், தங்கைக்கும் இதைத்தான் முதலில் சொல்ல வேண்டும்.

கிளிஃபர்ட் வூல்ஃப் தென்னாப்பிரிக்காவில் மருத்துவம் படித்துவிட்டு, லண்டனில் வாலின் ஆய்வகத்தில் சேர்ந்த இளைஞர். எலியின் காலைச் சட்டென்று இழுக்கச் செய்யும் தசையின் நரம்பணுக்களில் மின்முனை வைத்து, காலில் எந்த இடத்தைத் தொட்டால், எவ்வளவு அழுத்தினால் அது துடிக்கிறது என்று பதிவுசெய்துகொண்டிருந்தார். சாதாரணமாக அந்த நரம்பணு மென்மையான தொடுகைக்கு அசையாது. விரலைக் கிள்ளினால், சுட்டால் மட்டும் துடிக்கும். ஒரு விஷயம் அவரை உறுத்தியது. ஒரே விலங்கில் நாளின் ஆரம்பத்தில் பதிவுசெய்த நரம்பணுக்கள் ஒரு மாதிரி இருந்தன. பலமுறை கிள்ளிச் சோதித்த பிறகு, நாள் முடியும்போது பதிவானவை வேறு மாதிரி இருந்தன. லேசாகத் தொட்டாலே துடித்தன. காலின் பெரிய பரப்பிலிருந்து துடித்தன.

இன்னொருவர் இதை விலங்கு களைத்துவிட்டது, கருவி சரியில்லை என்று தள்ளிவிட்டு மறுநாள் புதிதாக ஆரம்பித்திருக்கலாம். அவர் அதையே கேள்வியாக்கினார். எலியின் பாதத்தில் ஒரு சிறு சூட்டுக் காயம் ஏற்படுத்திப் பார்த்தார். காயத்துக்குப் பிறகு நரம்பணுவின் எல்லை விரிந்தது, காயம் படாத இடத்தைத் தடவினாலும் துடித்தது. அப்புறம்தான் முக்கியமான படி. காயத்தின் மேல் மரத்துப்போகும் ஊசி போட்டார். அங்கிருந்து இனி எந்தச் செய்தியும் மேலே போக வழியில்லை. கோளாறு காயத்தில் இருந்தால் எல்லாம் உடனே பழைய நிலைக்குத் திரும்பியிருக்க வேண்டும். திரும்பவில்லை. மாற்றம் தண்டுவடத்துக்குள் நடந்துவிட்டிருந்தது. 1983-ல் 'நேச்சர்' இதழில் ஒரே ஆசிரியர் பெயரில் வந்த சிறிய கட்டுரை அது.

கோயில் திருவிழாவில் மைக் முன்னால் ஒருவர் மெதுவாகத்தான் பேசுகிறார், ஆனால் ஆம்ப்ளிஃபயரின் குமிழை யாரோ முழுக்கத் திருகி வைத்துவிட்டார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். எக்ஸ்ரே எடுப்பது பேசுகிறவரின் தொண்டையைப் பரிசோதிப்பது. தொண்டை நன்றாகத்தான் இருக்கும். அம்மாவின் மணிக்கட்டு எலும்பும் அப்படித்தான் நன்றாக இருக்கிறது.

குமிழ் எப்படித் திருகப்படுகிறது என்பதும் பெருமளவு தெரிந்துவிட்டது. சி-இழைகள் தொடர்ந்து செய்தி அனுப்பினால், தண்டுவட நரம்பணுக்களின் மேல் உள்ள என்.எம்.டி.ஏ. என்ற ஏற்பிகள் (செய்தியை வாங்கும் புரதங்கள்) திறக்கின்றன, கால்சியம் உள்ளே பாய்கிறது, அந்த இணைப்பு வலுப்படுகிறது. நாம் பாடம் மனப்பாடம் செய்யும்போது மூளையில் நடப்பதற்கு மிக நெருக்கமான நிகழ்ச்சி இது. பக்கத்தில் இருக்கும் மைக்ரோக்ளியா என்ற காவல் செல்களும் சேர்ந்துகொள்கின்றன. நரம்பு காயப்பட்ட பிறகு வரும் வலிக்கு இந்தச் செல்கள் தேவை என்று 2003-ல் ஜப்பானியக் குழு ஒன்று காட்டியது; இவை வெளியிடும் ஒரு பொருள் தண்டுவடத்தில் வலியை அடக்கிவைக்கும் பிரேக்கைத் தளர்த்திவிடுகிறது என்று 2005-ல் கனடியக் குழு ஒன்று காட்டியது. பிரேக் தளர்ந்த இடத்தில் ஸ்வெட்டரின் உரசல்கூட வலி வழியில் நுழைந்துவிடும்.

இதற்கு நேர்மாறான சான்றும் உண்டு. வலியே இல்லாதவர்களின் முதுகை ஸ்கேன் செய்த பல ஆய்வுகளை 2015-ல் ஒன்றாகத் தொகுத்துப் பார்த்தார்கள். 20 வயதுக்காரர்களில் 37 விழுக்காட்டினருக்கும், 80 வயதுக்காரர்களில் 96 விழுக்காட்டினருக்கும் முதுகுத் தட்டு தேய்ந்திருந்தது. அவர்கள் யாருக்கும் வலி இல்லை. ஆக, படத்தில் தேய்மானம் தெரிந்தும் வலி இல்லாமல் இருக்கலாம்; படம் சுத்தமாக இருந்தும் வலி இருக்கலாம். சர்வதேச வலி ஆய்வுச் சங்கம் 2020-ல் வலிக்கான வரையறையைத் திருத்தியபோது, ஒருவர் தனக்கு வலிக்கிறது என்று சொன்னால் அதை மதிக்க வேண்டும் என்பதையும் சேர்த்தே எழுதியது. உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலின் 11-வது பதிப்பு 2022 முதல் நடைமுறையில் இருக்கிறது. மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கும் வலிக்கு அதில் தனிக் குறியீடே இருக்கிறது. "மனசுதான்" என்று சொல்லி அனுப்புவது இன்று மருத்துவத்தின் நிலைப்பாடு அல்ல. அந்த வார்த்தையைக் கேட்டு எத்தனை பெண்கள் லைன் வீட்டுக்குத் திரும்பி வந்து வாயைத் திறக்காமல் கூடையை மாட்டிக்கொண்டு போயிருப்பார்கள் என்று நினைத்தால் எனக்கு ஆறவே ஆறாது.

நம் ஊர்ச் சரக்கைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஊட்டி சேரிங் கிராஸ் கடைகளில் வர்க்கிக்கும் சாக்லெட்டுக்கும் பக்கத்திலேயே தைல பாட்டில்கள் அடுக்கியிருக்குமே, நீலகிரித் தைலம், விண்டர்கிரீன் தைலம் என்று. அந்த அலமாரியில் நவீன வலி ஆராய்ச்சியின் ஒரு அத்தியாயமே இருக்கிறது. 1997-ல் டேவிட் ஜூலியஸின் குழு, மிளகாயின் காரப்பொருளான கேப்சைசின் எதில் போய் ஒட்டுகிறது என்று தேடியது. எலியின் உணர்வு நரம்பணுக்களில் வேலை செய்யும் மரபணுக்களை எல்லாம் சேகரித்து, காரத்துக்கு எதுவும் காட்டாத சாதாரணச் செல்களுக்குள் தொகுதி தொகுதியாகச் செலுத்தி, எந்தத் தொகுதி காரம் பட்டதும் விழித்துக்கொள்கிறது என்று பார்த்தார்கள். கடைசியில் ஒரே ஒரு மரபணு மிஞ்சியது. அது உருவாக்கும் டி.ஆர்.பி.வி.1 என்ற புரதம் காரத்துக்கு மட்டுமல்ல, சுமார் 43 டிகிரிக்கு மேற்பட்ட சூட்டுக்கும் திறக்கிறது. மிளகாய் எரிவது ஏன் சூடு பட்டது போலவே இருக்கிறது என்பதற்கு விடை கிடைத்துவிட்டது.

2002-ல் ஜூலியஸின் குழுவும் ஆர்டம் பட்டாபூட்டியனின் குழுவும் தனித்தனியாகக் குளிரின் ஏற்பியான டி.ஆர்.பி.எம்.8-ஐக் கண்டுபிடித்தன. அதைத் திறப்பது குளிரும் புதினாவின் மென்தாலும். கற்பூர மரம் என்று நாம் சொல்லும் யூகலிப்டஸின் இலையிலிருந்து நம் ஊரில் காய்ச்சும் தைலத்தின் முக்கியப் பொருளான சினியோலும் அதைத் திறக்கிறது. தைலம் தேய்த்தால் குளுகுளுவென்று இருப்பது இதனால்தான். நரம்பு பாதிக்கப்பட்டவர்களுக்குக் குளிரே வலியாக மாறுவதும் உண்டு. அம்மா மார்கழியில் படும் பாட்டை அந்தக் கண்ணோடு பார்க்க வேண்டும். பட்டாபூட்டியன் பெய்ரூத்தில் பிறந்து, போர்ச் சூழலில் 1986-ல் அமெரிக்காவுக்குப் போனவர். தொடுகையை உணரும் பியெசோ ஏற்பிகளையும் 2010-ல் கண்டுபிடித்தார். இருவருக்கும் 2021-ல் நோபல் பரிசு கிடைத்தது.

ஏற்பி தெரிந்துவிட்டது, அதை அடைக்க மாத்திரை செய்ய வேண்டியதுதானே என்று தோன்றும். செய்தார்கள். டி.ஆர்.பி.வி.1-ஐ அடைத்தால் சிலருக்கு உடல் வெப்பம் ஏறியது, சூடு தெரியாமல் கை சுட்டுக்கொள்ளும் ஆபத்தும் வந்தது. இன்னொரு கதை பாகிஸ்தானிலிருந்து. அங்கே தெருவில் வித்தை காட்டிய ஒரு சிறுவன் கையில் கத்தியைக் குத்திக்கொள்வான், நெருப்புக் கங்கின் மேல் நடப்பான், வலியே தெரியாது. பதினான்கு வயது ஆவதற்குள் கூரையிலிருந்து குதித்து இறந்துபோனான். அவனுடைய உறவுக் குடும்பங்களை ஆராய்ந்த ஜெஃப்ரி வுட்ஸின் கேம்பிரிட்ஜ் குழு, நாவ் 1.7 என்ற ஒரே ஒரு சோடிய வழியை (நரம்பணுவில் மின்செய்தி எழச் சோடியத்தை உள்ளே விடும் புரதத்தை) செய்யும் மரபணு பழுதானதுதான் காரணம் என்று 2006-ல் வெளியிட்டது. அந்தக் குழந்தைகளுக்குத் தொடுகையும் சூடும் குளிரும் தெரிந்தன, வலி மட்டும் இல்லை. உதட்டையும் நாக்கையும் அவர்களே கடித்துக் காயப்படுத்தியிருந்தார்கள். வலி இல்லாத வாழ்க்கை வரம் அல்ல என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை.

மருந்துக் கம்பெனிகள் நாவ் 1.7-ன் பின்னால் பெரும் பணத்தோடு ஓடின. சோதனைகள் ஒன்றன் பின் ஒன்றாகச் சறுக்கின. அதன் உறவான நாவ் 1.8-ஐ லண்டனில் ஜான் வுட்டின் குழு 1996-ல் கண்டுபிடித்திருந்தது. அதை அடைக்கும் சுசெட்ரிஜின் என்ற மருந்துக்கு 2025 ஜனவரியில்தான் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது, அதுவும் திடீர் வலிக்கு மட்டும். அபின் வகையைச் சேராத புது வகை வலி மருந்து என்பதால் பெரிய செய்திதான். ஆனால் முதுகிலிருந்து காலுக்கு இறங்கும் நாள்பட்ட நரம்பு வலியில் சோதித்தபோது வெற்று மாத்திரையைவிட அது மேலாக வேலை செய்யவில்லை. 1996-க்கும் 2025-க்கும் நடுவில் எத்தனை பேருடைய முழு உழைப்பு அடங்கியிருக்கிறது என்று தங்கை யோசித்துப் பார்க்கட்டும். இந்த வேலையில் கண்டுபிடிப்பவர் ஒருவர், அதன் பலனைப் பார்ப்பவர் வேறொருவர்.

அவள் தெரிந்துகொள்ள வேண்டிய இன்னொன்று, ஆய்வகத்தில் ஒரு நாள் எப்படிப் போகும் என்பது. கம்பி வலை போட்ட மேடையில் சின்னச் சின்னக் கண்ணாடிப் பெட்டிகள், ஒவ்வொன்றிலும் ஒரு சுண்டெலி. முதலில் அவை பரபரவென்று சுற்றும், மோந்து பார்க்கும், மீசையைத் துடைத்துக்கொள்ளும். அமைதியாகும் வரை காத்திருக்க வேண்டும், சத்தமாகத் தும்மக்கூடாது. அப்புறம் வலைக்குக் கீழிருந்து, நைலான் நூல் போன்ற ஒரு இழையைப் பாதத்தின் நடுவில் வைத்து, அது லேசாக வளையும் வரை அழுத்துவோம். எந்த இழை எவ்வளவு விசையில் வளையும் என்பது அளந்து வைக்கப்பட்டிருக்கும். எலி பாதத்தை எடுக்கிறதா, எடுத்து உதறுகிறதா, நக்குகிறதா என்று குறிப்போம். 1890களில் மாக்ஸிமிலியன் ஃபான் ஃப்ரே குதிரை முடியை வைத்துச் செய்த அதே சோதனை. நரம்பு காயப்பட்ட எலி, மற்ற எலி கண்டுகொள்ளாத மெல்லிய இழைக்கே பாதத்தை இழுத்துக்கொள்ளும். அதைப் பார்க்கும்போது, ஸ்வெட்டரைப் பார்த்தால் கையை மடியில் இழுத்துக்கொள்பவர்கள் ஞாபகம் வராமல் இருக்காது.

விலங்குக்கு வலி கொடுத்துத்தான் இதைப் படிக்கிறோம் என்பதை மழுப்பக் கூடாது. ஒவ்வொரு சோதனைக்கும் நிறுவனத்தின் விலங்கு நெறிக் குழுவின் அனுமதி வேண்டும். எத்தனை எலி, ஏன் அத்தனை, எப்போது நிறுத்துவீர்கள் என்று கேட்பார்கள். வலி ஆய்வுச் சங்கத்துக்காக 1983-ல் எழுதப்பட்ட விதிகளில், முடிந்தவரை அந்த வலியை ஆய்வாளர் முதலில் தன்மேல் சோதித்துப் பார்க்க வேண்டும் என்றே இருக்கிறது. தங்கைக்கு இது முடியாது என்றால் அதில் வெட்கப்பட எதுவும் இல்லை. மனிதர்களை வைத்துச் செய்யும் வலி ஆராய்ச்சி இருக்கிறது, மூளைப் படம், மரபணு, புள்ளியியல் என்று எத்தனையோ கிளைகள்.

இந்த நுணுக்கம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். கனடாவில் ஜெஃப்ரி மோகிலின் குழு 2014-ல் ஒரு முடிவை வெளியிட்டது. சோதனை செய்பவர் ஆணாக இருந்தால் எலிகள் குறைவாக வலியைக் காட்டின. ஆண்கள் போட்டுக் கழற்றிய டி-ஷர்ட்டை அறையில் வைத்தாலே போதும், அந்த வாசனையின் பதற்றத்தில் வலி அமுங்கிவிட்டது. அதே குழு 2015-ல் காட்டியது எனக்கு இன்னும் முக்கியமாகப் படுகிறது. நான் மேலே சொன்ன மைக்ரோக்ளியா கதை ஆண் எலிகளில்தான் அப்படி நடக்கிறது. பெண் எலிகளில் நோயெதிர்ப்பு அணுக்களான டி-செல்கள் வழியாக வலி நீடிப்பதாகத் தெரிகிறது. முன்னதாக, வலித் துறையின் முதன்மை இதழில் பத்து வருடங்களில் வந்த விலங்கு ஆய்வுகளை மோகில் எண்ணிப் பார்த்தபோது 79 விழுக்காடு ஆண் விலங்குகளை மட்டும் வைத்துச் செய்யப்பட்டிருந்தன. நாள்பட்ட வலியால் அதிகம் அவதிப்படுவது பெண்கள். மருந்துக்கான அறிவு வந்தது ஆண் எலிகளிடமிருந்து. அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனம் இரு பாலையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்று விதித்ததே 2016-ல்தான். கொழுந்து பறிக்கும் பெண்ணின் மகள் இந்தத் துறைக்கு வர வேண்டும் என்று நான் நினைப்பதற்கு இது ஒரு காரணம். எந்தக் கேள்வி கேட்கப்படாமல் இருக்கிறது என்பது அவளுக்கு வீட்டிலிருந்தே தெரியும்.

வழி என்ன? இரண்டு பாதை. ஒன்று மருத்துவம். அவள் ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவள் என்றால், நீட் எழுதி 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீட்டில் முயலலாம். ஊட்டியிலேயே அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. எம்.பி.பி.எஸ். முடித்து மயக்கவியல் அல்லது நரம்பியல் பக்கம் போய், நோயாளிகளைப் பார்த்துக்கொண்டே ஆராய்ச்சி செய்யலாம். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த வி.எஸ். ராமச்சந்திரன் அப்படி மருத்துவத்திலிருந்து மூளை ஆராய்ச்சிக்குப் போனவர்தான். கை துண்டிக்கப்பட்டவர்களுக்கு இல்லாத கையில் வரும் வலியை, ஒரு கண்ணாடியை நிறுத்தி இருக்கும் கையின் பிம்பத்தைக் காட்டிக் குறைக்கலாம் என்று 1990களில் காட்டியவர்.

இன்னொன்று அடிப்படை அறிவியல். மத்திய அரசின் அறிவியல் கல்வி நிறுவனங்களான ஐசர்களின் நுழைவுத் தேர்வு எழுதி அங்கே சேரலாம். அது கிடைக்காவிட்டாலும் விலங்கியல், உயிர்வேதியியல், மருந்தியல் எதில் பட்டம் வாங்கினாலும் கதவு மூடிவிடாது. மருந்தியல் என்றால் ஊட்டி ஜே.எஸ்.எஸ். பார்மசி கல்லூரி பக்கத்திலேயே இருக்கிறது. முதுகலை முடித்து சி.எஸ்.ஐ.ஆர். நெட் என்ற தேசியத் தேர்வில் ஆய்வு உதவித்தொகைக்கான (ஜே.ஆர்.எஃப்.) தகுதி பெற்றால் ஆய்வு உதவித்தொகை மாதம் 37,000 ரூபாய், பிறகு 42,000. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் நரம்பியல் மையம், மனநல, நரம்பியல் நிறுவனமான நிம்ஹான்ஸ், உயிரியல் ஆய்வு மையமான என்.சி.பி.எஸ். எல்லாம் ஒரு இரவுப் பயணத் தூரம்தான். ஆராய்ச்சிப் பட்டத்துக்கு ஐந்தாறு வருடம், அப்புறம் வெளிநாட்டிலோ இங்கேயோ சில வருடம், நிலையான வேலை கிடைக்கும்போது வயது முப்பத்தைந்தை நெருங்கும். வீட்டுக்குச் சீக்கிரம் சம்பாதித்துக் கொடுக்க வேண்டிய நிலை என்றால் இதை முன்கூட்டியே உட்கார்ந்து பேசிவிடுங்கள். ஆங்கிலத்தில் படித்து எழுதும் பழக்கத்தையும், கணக்கையும் இப்போதே பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். உயிரியல் எடுத்தால் கணக்கு வேண்டாம் என்ற நினைப்பு நம் பிள்ளைகளைப் பாதி வழியில் நிறுத்திவிடுகிறது.

இதையெல்லாம் மலைக்குக் கீழே நடக்கும் சமாச்சாரமாக அவள் நினைக்க வேண்டாம். குன்னூர் பாஸ்டர் நிறுவனம் 1907-லிருந்து இருக்கிறது, நாய்க்கடித் தடுப்பூசிக்காகவே தொடங்கப்பட்டது. வெறிநாய்க்கடி வைரஸ் ஒரு நரம்பணுவிலிருந்து அதற்குச் செய்தி அனுப்பும் நரம்பணுவுக்குத் தாவித் தாவி மூளைக்கு ஏறும். அந்தக் குணத்தையே பயன்படுத்தி, ஒரே ஒரு தாவலோடு நின்றுவிடும்படி மாற்றியமைத்த வைரஸை 2007-ல் அமெரிக்காவில் உருவாக்கினார்கள். இன்று வலி நரம்புகளில் எது எதோடு இணைந்திருக்கிறது என்று வரைபடம் போட ஆய்வகங்கள் அதைத்தான் செலுத்துகின்றன. சிம்ஸ் பூங்காவுக்குப் போகிறவர்கள் எல்லாரும் கடந்து போகும் அந்தக் கட்டடத்தின் வேலைக்கும் வலி ஆராய்ச்சிக்கும் இப்படி ஒரு தொடர்பு.

கடைசியாக அம்மா. நான் மருத்துவர் அல்ல, பார்க்காமல் நோயின் பெயர் சொல்ல மாட்டேன். ஆனால் மணிக்கட்டு முறிவுக்குப் பிறகு வரும் இத்தகைய வலிக்கு 'சி.ஆர்.பி.எஸ்.' (காம்ப்ளெக்ஸ் ரீஜனல் பெயின் சிண்ட்ரோம்) என்று ஒரு நோய் இருக்கிறது, அது இருக்கிறதா என்று குறிப்பாகக் கேளுங்கள். அதற்கு ஸ்கேன் முக்கியமில்லை; கையைப் பார்த்தே கண்டறிவார்கள். மணிக்கட்டில் நரம்பு அழுந்தியிருப்பதும் சர்க்கரை நோயும்கூட எரிச்சல் தரும், அவற்றையும் பார்க்கச் சொல்லுங்கள். மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் பெரும்பாலும் மயக்கவியல் துறையினர்தான் வலி சிகிச்சை பார்க்கிறார்கள், எலும்புப் பிரிவிலேயே நின்றுவிடாதீர்கள். அமிட்ரிப்டிலின், கேபாபென்டின், பிரீகேபலின் போன்ற மருந்துகள் நரம்பின் குமிழைக் கொஞ்சம் இறக்கும். மயக்கமும் தூக்கமும் தரக்கூடியவை, சரிவில் நடக்கிறவர் என்பதால் அளவை டாக்டர்தான் ஏற்ற வேண்டும், மருந்துக்கடையில் கேட்டு வாங்கக் கூடாது.

மருந்தைவிட முக்கியம் கையை அசைப்பது. வலிக்கிறதே என்று துணி சுற்றி மடக்கியே வைத்திருந்தால் நிலைமை மோசமாகும். பிசியோதெரபிஸ்ட் இருந்தால் பஞ்சு, பருத்தித் துணி, துண்டு, கடைசியில் கம்பளி என்று தோலை மெல்ல மெல்லப் பழக்குவார். கண்ணாடிச் சிகிச்சையும் தெரிந்திருக்கும். வாரக்கணக்கில் ஆகும், ஒரு நாள் கூடும், ஒரு நாள் குறையும். முழுக்கப் போய்விடும் என்று சொல்ல மாட்டேன், கணிசமாகக் குறைந்தவர்கள் நிறையப் பேர்.

போவதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். இரண்டு கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, வெளிச்சத்தில், காலையிலும் இரவிலும் சில நாள் போட்டோ எடுத்து வைக்கச் சொல்லுங்கள் தங்கையிடம். நிறம் மாறுகிறதா, ஒரு கை மட்டும் வீங்குகிறதா, அதிகம் வியர்க்கிறதா, தொட்டால் சூடாகவோ சில்லென்றோ இருக்கிறதா, நகமும் முடியும் வேறு மாதிரி வளர்கிறதா, எது பட்டால் வலிக்கிறது, எது பட்டால் வலிக்கவில்லை என்று தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதட்டும். டாக்டரின் அறைக்குள் அம்மா தயங்கி நிற்கும்போது அந்த நோட்டை மேஜை மேல் வைத்துவிடலாம். அவர் பார்த்துவிட்டு என்ன சொன்னார் என்று எழுதுங்கள், அதற்கு மேல் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.